வெங்காய வேர் உரைக்கும் சான்று

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் எம்மூராகிய ஆண்டிமடத்திற்குச் சென்றிருந்தபோது எம் சிற்றப்பாவுடன் ஒரு சிறு வாக்குவாதம் நிகழ்ந்தது. முந்திரி மரங்கள் துளிர்த்துப் பூக்கத் தொடங்கும் காலம் அது. தேயிலைக் கொசு என்னும் பூச்சி அத்துளிரின் சாற்றை உறிஞ்சிக் கருக்கிவிடும் என்று அஞ்சி, எம் ஊரார் மருந்தடிப்பர். சிற்றப்பா தம் தோப்பிற்கு மருந்தடித்து முடித்தபின், மருந்து டேங்கைத் தோப்போரத்துக் குட்டையில் அலசினார். “சித்தப்பா, இந்தத் தண்ணீரை ஆடுமாடு குடிக்குமே” என்றோம். அவர் நகைத்து, “இத்தனை வருஷமாய் இங்கேதான் கழுவுகிறேன். ஓர் ஆடாவது செத்ததா, நீயே சொல்லு தம்பி” என்றார்.

அதற்கு அப்பொழுது விடை கூற எம்மால் இயலவில்லை. ஆடு சாகவில்லை என்பது மெய்யே. ஆயின், ஆடு செத்தால்தான் நீர் கெட்டதென்று துணிய வேண்டும் என்பது எத்தகைய அளவை? கல்லூரிக்குத் திரும்பியபின் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, எம் சிற்றப்பாவின் அளவைதான் உலகத்துச் சோதனைச்சாலைகளிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது என அறிந்து வியந்தோம்.

அரசர்க்குச் சமைத்த உணவினை முதலில் தீயிலும் பறவைகட்கும் இட்டுப் பார்க்கும் முறையைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கின்றது. அப்பழமையே அண்மைக் காலத்தில் எண்ணும் கணக்கும் பூண்டு நின்றது. 1927-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ட்ரெவன் என்பார், மருந்துகளின் வீரியத்தை ஒரே தரமாக நிறுத்தற்பொருட்டு ஒரு முறை வகுத்தார். ஒரு பொருளைப் பல்வேறு அளவில் பிராணிக் கூட்டங்களுக்குக் கொடுத்து, ஒரு கூட்டத்திற் சரிபாதி மடிவது எந்த அளவில் என்று காண்பதே அம்முறை. அவ்வளவிற்குப் ‘பாதியைக் கொல்லும் அளவு’ என்று பெயர். நாளடைவில் மருந்துக்கேயன்றிச் சாயம், சோப்பு, பூச்சிமருந்து முதலிய எல்லாவற்றிற்கும் இந்த எண்ணையே கேட்கலாயினர். 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ட்ரெய்ஸ் என்பார் முயலின் கண்ணில் பொருள்களை இட்டு எரிச்சலை அளக்கும் முறையை வெளியிட்டார். முயலின் கண்ணீர் சிறிதாதலின், இட்ட பொருள் எளிதிற் கழுவப்படாமல் நின்றுவிடும்; சோதனைக்கு அது வசதியாய் இருந்தது. முயலுக்கு அது எத்தகைய வசதி என்று அக்காலத்தில் மிகுதியாக எவரும் கேட்டிலர்.

கேட்டவர் பின்னர்த் தோன்றினர். 1959-ஆம் ஆண்டில் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர், பிராணிக்குப் பதில் வேறொன்று கொள்ளல், கொள்ளும் தொகையைக் குறைத்தல், படும் துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்றையும் விஞ்ஞானியரின் கடமையாக நிறுவினர். பல நாடுகள் சேர்ந்து சோதனை விதிகளை வகுக்கும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, பழைய பாதிக்கொலை முறையை 2002-ஆம் ஆண்டின் இறுதியில் தன் விதித்தொகுப்பினின்றும் நீக்கிற்று. குறைந்த பிராணிகளைக் கொள்ளும் வேறு முறைகள் அதனிடத்தில் வந்தன. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடைச் சட்டம் இத்தகைய சோதனைகளுக்கு மேற்பார்வை ஏற்படுத்தியது. அழகுப் பொருள்களைப் பிராணிகள்மேற் சோதிப்பது 2014-ஆம் ஆண்டில் அடியோடு விலக்கப்பட்டது. எமக்கு மிக அணித்தான செய்தி ஒன்றும் உண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கலைக்கல்லூரிகள் பலவும் சார்ந்துள்ள திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், 2009-ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி – டோரென்காம்ப் மையம் என்பது நிறுவப்பெற்றது. உயிரியல் கல்வியிற் பிராணிகளுக்கு மாற்று காண்பதே அதன் நோக்கம். பேராசிரியர் எம். ஏ. அக்பர்ஷா அதன் முதல் இயக்குநராய் இருந்தார். தவளையை அறுத்தே உயிரியல் கற்ற தலைமுறைக்கும் அறுக்காது கற்கும் தலைமுறைக்கும் இடையே நின்ற நிலையம் அஃது எனலாம்.

பிராணியை நீக்கினால் அதனிடத்தில் யாதை வைப்பது? கண்ணாடிக் குப்பியில் வளர்க்கும் உயிரணுக்கள், கணிப்பொறி, மீன்முட்டை எனப் பல விடைகள் உள. அவற்றுட் பெரும்பாலானவை பொருட்செலவு மிக்கவை. எம் உள்ளத்தைக் கவர்ந்த விடை யாதெனில், அது வெங்காயம்.

இதன் வரலாறு ஒரு மலரிற் தொடங்குகின்றது; அம்மலர் தமிழ் மாணாக்கராகிய எமக்கு மிக வேண்டியது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மகளிர் கொய்து குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களின் வரிசையில் முதற்கண் நிற்பது செங்காந்தள். அதனையே உழவர் கண்வலிக்கிழங்கு என்பர். எம்மூருக்கு அடுத்த ஜயங்கொண்டம் வட்டாரத்தில் அதன் விதைக்காக அதனைப் பயிரிடுவோரும் உளர். அவ்விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. ஐரோப்பாவில் வேறொரு பூண்டின் கிழங்கிலும் அதே நஞ்சு கிடைக்கும். சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான் என்னும் அறிஞர் அந்நஞ்சினை வெங்காய வேரின்மேற் செலுத்தி, விளைந்ததை 1938-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வேரின் நுனி பருத்துக் குமிழ்போல் ஆயிற்று. உருப்பெருக்கியிற் கண்டபோது, உயிரணு இரண்டாய்ப் பிரியும் வேளையில் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நூலிழைக் கதிர் அழிந்து, குரோமோசோம்கள் பிரியமாட்டாது ஓரிடத்தே கிடந்தன. நஞ்சு உயிரணுவின் எந்த உறுப்பைத் தாக்குகின்றது என்பதை ஒரு காய்கறியின் வேர் காட்டிவிட்டது.

வெங்காயத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அதன் உயிரணு ஒவ்வொன்றிலும் குரோமோசோம்கள் பதினாறே உள; அவையும் மிகப் பெரியவை. மனிதனுடைய நாற்பத்தாறையும் எண்ணிப் பிரித்தறிய முயல்வோர் இதன் அருமையை உணர்வர். வேரோ, நீரைத் தொட்ட இரண்டொரு நாளிற் புறப்படும். அதன் நுனியில் உயிரணுக்கள் ஓயாது பிரிந்துகொண்டே இருக்கும். மரபுச் செய்தியைத் தாங்கும் அமிலம், குரோமோசோம், கதிரிழை, மூச்சுவிடும் நுண்ணுறுப்பு ஆகியவை வெங்காயத்திற்கும் எமக்கும் பெரும்பாலும் ஒரே வகையின. ஆகவே இவற்றைத் தாக்கும் நஞ்சு அங்கே தாக்கினால் இங்கேயும் தாக்கக்கூடும் என்று ஐயுறுதல் முறையே. சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் கெய்ரித் பிஸ்கெஷோ என்னும் பெண்மணி இதனைப் பல்லாண்டு பயின்று, சுற்றுப்புற நீரைச் சோதிக்க வெங்காயத்தையே பொது அளவையாகக் கொள்ளலாம் என்று 1985-ஆம் ஆண்டில் எழுதினார். அதன்பின் இம்முறை எளிய நாடுகளிலெல்லாம் பரவிற்று.

செய்முறையை இங்கே விரித்துரைப்போம். நம் மாணவர் எவரும் விடுதி அறையிற் செய்யத் தக்கது. ஒரே பருமனுள்ள சிறிய வெங்காயங்களைத் தெரிந்து கொள்க. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயத்தின் இனமேயாதலின் ஆகும். உலர்ந்த புறத்தோலை உரித்து, அடித்தட்டிலுள்ள பழைய வேர்களைக் கத்திமுனையால் மெல்லச் சுரண்டுக. புதுவேர் முளைக்கும் வளையத்தைப் புண்படுத்தலாகாது. சிறு கண்ணாடிக் குவளைகளின் வாயில், அடித்தட்டு மட்டும் நீரைத் தொடுமாறு ஒவ்வொன்றாய் அமர்த்துக. சில குவளைகளில் நல்ல நீர். மற்றவற்றில் சோதிக்க வேண்டிய பொருளைப் பாதி, கால், அரைக்கால் என்றவாறு படிப்படியாகக் கரைத்த நீர். ஒவ்வோர் அளவிற்கும் ஐந்தாறு வெங்காயமேனும் வேண்டும். ஏனெனில் வெங்காயத்திலும் சோம்பேறிகள் உண்டு. வெயில் படாத இடத்தில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வேர்க்கொத்தின் நீளத்தை அளந்து எழுதுக. நல்ல நீரில் வளர்ந்ததிற் பாதி நீளமே வளரச் செய்யும் அளவு எதுவோ, அதுவே அப்பொருளின் வலிமைக்கு அடையாளம். ட்ரெவன் கண்ட பாதிக்கும் இப்பாதிக்கும் உள்ள வேற்றுமையைப் படிப்போர் உணர்வர். அங்கே பாதி சாவு, இங்கே பாதி வளர்ச்சி.

வேரின் நீளம் முதற்படியே. வேர்நுனியை வெட்டி, அசிட்டிக் அமிலமும் அதனைப்போல் மும்மடங்கு சாராயமும் கலந்த நீரில் இட்டு வைத்துப் பின்னர்ச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி உருப்பெருக்கியில் நோக்கினால் உள்ளே நடந்தது தெரியும். பிரியும் உயிரணுக்கள் நூற்றுக்கு எத்தனை? பிரிகின்ற இரு தொகுதிகளுக்கிடையே பாலம்போல் நீண்டு அறுபடாது நிற்கும் குரோமோசோம் உண்டா? துண்டுபட்டது உண்டா? பெருங்கருவிற்குப் புறம்பே துணுக்குபோல் ஒரு சிறுகரு கிடக்கின்றதா? இவற்றை எண்ணுதல் வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வழி பயன்பட்டதற்குச் சான்று உண்டு. ஒரிசாவிலுள்ள பெர்ஹாம்பூர்ப் பல்கலைக்கழகத்தார், காஸ்டிக் சோடா செய்யும் ஆலையொன்று கொட்டிய பாதரசம் கலந்த திடக்கழிவை எடுத்து வெங்காயத்தைக் கொண்டு சோதித்து, வேரணுக்களில் தோன்றிய சிறுகருக்களின் கணக்கை 1989-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கழிவில் பாதரசம் எவ்வளவு உள்ளது என்பதை இரசாயனச் சோதனை கூறிவிடும். அதில் எவ்வளவு உயிருக்குள் நுழைந்து ஊறு செய்கின்றது என்பதை உயிர்தானே கூற வேண்டும்? லக்னோ நகரத்து நச்சியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1999-ஆம் ஆண்டில் சைப்பர்மெத்ரின், பென்வலரேட் என்னும் பூச்சிமருந்துகளை வெங்காய வேரிற் சோதித்தனர். மருந்தின் அளவு ஏற ஏற உயிரணுப் பிரிவு குன்றியதையும் குரோமோசோம் சிதைவு மிகுந்ததையும் கண்டனர். இவ்வாராய்ச்சியைப் படித்தபோது எமக்கு எம் சிற்றப்பாவின் நினைவு வந்தது. அவர் அன்று அடித்த மருந்துப் புட்டியின் மேற்சீட்டில் சைப்பர்மெத்ரின் என்றே எழுதியிருந்தது.

வெங்காயமன்றி வேறு செடிகளும் இத்தொழிலில் அமர்ந்துள்ளன. குளத்து நீரில் மிதக்கும் நீர்ப்பாசி போன்ற சிற்றிலைத் தாவரம், ஏழு நாளில் எத்தனை இலையாய்ப் பெருகுகின்றது என்று எண்ணும் முறை 2006-ஆம் ஆண்டில் மேற்கூறிய பன்னாட்டு விதித்தொகுப்பில் ஏறிற்று. ட்ரடெஸ்கான்ஷியா என்னும் தோட்டச் செடியின் மகரந்தத் தாள்களில் நீலநிற மயிர்கள் உண்டு. நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த மரபுள்ள செடியில், கதிர்வீச்சோ நச்சுக்காற்றோ பட்டால் நீல அணுக்களிடையே இளஞ்சிவப்பு அணு ஒன்று தோன்றும். நிறமே சாட்சி சொல்லும் இவ்விந்தையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

இனி, ஈஸ்டர் விடுமுறையில் மீண்டும் ஊருக்குச் சென்றபோது யாம் செய்ததைக் கூறுவோம். சிற்றப்பா மருந்து டேங்கை முதன்முறை அலசிய நீரை அவரிடமே வேண்டிப் பெற்றோம். அதனைக் கிணற்று நீரில் மிகுதியாகக் கரைத்துச் சில குவளைகளில் வைத்தோம். வேறு சிலவற்றில் வெறுங் கிணற்று நீர். இன்னும் சிலவற்றில், ஒப்பு நோக்கும் பொருட்டு, மயில்துத்தம் சிறிது கரைத்த நீர். திண்ணையில் வரிசையாய் அமர்ந்திருந்த வெங்காயங்களைக் கண்டு பாட்டியார், “படிக்கப் போன பிள்ளை வெங்காயத்துக்குக் குளிப்பாட்டுகிறதே” என்று வருந்தினார். நான்காம் நாள் காலையிற் பார்த்தோம். கிணற்று நீரில் வேர்கள் வெண்தாடிபோல் இறங்கியிருந்தன. மயில்துத்த நீரில் வேர் குத்துக்குத்தாய் நின்று பழுத்துவிட்டது. மருந்து நீரிலோ, கிணற்று நீருக்குச் சிறிதே குறைவாக, வேர்கள் நன்றாகவே வளர்ந்திருந்தன.

சிற்றப்பா எடுத்துப் பார்த்தார். “பார்த்தாயா தம்பி, வெங்காயமே முளைக்கிறது. நீ ஆட்டுக்கு அழுதாயே” என்றார். எமக்கு நாணமாயிற்று, அதனினும் மிகுதியாக அச்சம் உண்டாயிற்று. எம் சோதனையே அவருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டதன்றோ!

தவறு வெங்காயத்தினதன்று, அதனிடம் கேட்கத் தகாத கேள்வியைக் கேட்டது எம் தவறு. சைப்பர்மெத்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. நரம்பின் மெல்லிய சவ்விலுள்ள வாயில்களை மூடவொட்டாது செய்து, துடிதுடித்துச் சாகச் செய்வது அதன் தொழில். மீனுக்கும் அது மிகக் கொடிது. வெங்காயத்திற்கு நரம்பு இல்லை. நரம்பில்லாதவனை நரம்பு நோய்க்குச் சாட்சியாய் அழைத்தால் அவன் என் செய்வான்? அரளிச் செடியை நோக்குக. இதயத்தை நிறுத்தவல்ல நஞ்சை இலையிலும் விதையிலும் சுமந்துகொண்டே அது செழித்துப் பூக்கின்றது. அந்நஞ்சு தாக்கும் சோடியப் பொறி விலங்கின் உயிரணுச் சவ்வில் உண்டு, செடியில் இல்லை. விலங்கின் கல்லீரல் ஒரு பொருளை மாற்றி நஞ்சாக்குவதும், நஞ்சை மாற்றி நலமாக்குவதும் உண்டு. அவை அனைத்தையும் வேர் அறியாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிகழும் பிழையும் உண்டு. மேலிக் ஹைட்ரசைடு என்னும் பொருள், சேமித்த வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடாதிருக்க மேனாடுகளில் தெளிக்கப்படுவது. அது வேரணுவின் குரோமோசோம்களைக் கடுமையாகச் சிதைக்கும்; பாலூட்டிகளிடத்திலோ அதன் தீமை மிகச் சிறிது. வெங்காயத்தின் சொல்லை மட்டும் நம்பினால் அதனைப் பெருநஞ்சென்று தள்ளிவிடுவோம். அம்மருந்து படிந்த வெங்காயம் சோதனைக்கும் ஆகாது. நம் பக்கத்தில் பட்டறை போட்டுச் சேமிக்கும் வெங்காயத்தை உழவரிடம் நேரே கேட்டு வாங்குதல் நன்று.

ஆதலின், செடி பிராணிக்கு முழு மாற்று என்று சிலர் மகிழ்ந்து கூறுவதை யாம் ஒப்பவில்லை. வாயிற்காவலனாகச் செடியை நிறுத்துதலே தகும். நூறு பொருள்கள் வந்தால், உயிரணுவைச் சிதைப்பவற்றை வாயிலிலேயே அடையாளங்கண்டு நிறுத்தினால், உள்ளே எலியின்மேற் செலுத்த வேண்டியவை எத்துணையோ குறையும். ஆற்று நீர், ஆலைக் கழிவு, குப்பைமேட்டு ஊற்று ஆகியவற்றிற்கோ அதன் தகுதி இன்னும் பெரிது. அவற்றுள் இன்ன பொருள் இத்தனை என்று பிரித்தறியச் செலவு மிகும், கலந்த கலவை முழுதும் உயிருக்கு என் செய்யும் என்பதை வேர் ஒரு வாரத்திற்குள் உரைத்துவிடும். நரம்பு நஞ்சாயின், அதற்கு வேறு காவலர் வேண்டும்.

இவற்றையெல்லாம் எம்மால் இயன்ற அளவு சிற்றப்பாவிடம் கூறினோம். நரம்புச் செய்தி அவருக்கு விளங்கிற்று. ஏனெனில் மருந்தடித்த நாளில் தம் முகம் குறுகுறுவென்று எரிவதை அவரே அறிவார். மேற்சீட்டிலுள்ள எழுத்தோ மிகச் சிறியது. அவர் கண்ணுக்கு எட்டாதது. அதனை வாசித்துக் காட்டியபோது, ஏரி குளங்களிற் கழுவலாகாது என்னும் வரியும் அதில் இருந்தது. “வெங்காயம் சொல்லாததைப் புட்டியே சொல்லியிருக்கிறது” என்று அவர் சிரித்தார். இப்பொழுது தோப்பின் மேட்டில் ஒரு குழி வெட்டி, குட்டைக்கு எட்ட அலசுகின்றார்.

எம் வெங்காயங்களின் வேர்நுனிகளைத் தாவரவியல் பயிலும் நண்பர் கொடுத்திருந்த சிறு குப்பியில் இட்டுக் கொணர்ந்தோம். நீளத்தில் தெரியாத சிதைவு உள்ளே இருக்கலாமன்றோ? லக்னோவார் கண்டது அதனைத்தானே? நண்பர் சாயமேற்றித் தகடு செய்து தந்தார். இலக்கணச் சூத்திரத்தை நோக்கிப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் எல்லாம் செந்நிறப் புள்ளியாகவே தோன்றின. மூன்றாம் நாள் பாலம் ஒன்றைத் தெளிவாகக் கண்டு கூவினோம். நண்பர் அமைதியாக, கிணற்று நீர்த் தகட்டிலும் அத்தகையது ஒன்று இருப்பதைக் காட்டினார். தகடு ஒன்றுக்கு ஆயிரம் உயிரணு எண்ணாமல் எதுவும் கூறலாகாது என்பது அவர் கட்டளை. இதுகாறும் நானூறு எண்ணியுள்ளோம்.